கொட்டைக்கு அவசரம்... நட்டவருக்குக் காத்திருப்பு! பண்ருட்டி முந்திரியின் கதை

எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிறவரை 'முந்திரிக்கொட்டை' என்று கிண்டல் செய்கிறோமே, ஏன் தெரியுமா? மாம்பழத்தில் கொட்டை உள்ளே இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த முந்திரியிலோ வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் வளர்வதும் கொட்டைதான். அதன் பிறகே காம்பு பருத்து, சிவப்பாகவோ மஞ்சளாகவோ 'பழம்' ஆகிறது. தாவரவியல் கணக்கில் கொட்டைதான் கனி. நாம் பழம் என்று கடிப்பது வீங்கிய காம்பு!

இந்த மரத்துக்குப் பூர்வீகம் பிரேசில். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். கேரளத்தில் இதற்கு 'பறங்கிமாவு' என்றே ஒரு பெயர் உண்டு.

கொட்டைக்குத்தான் அவசரம். நட்டவர்களுக்குப் பொறுமை வேண்டும். கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

2011 டிசம்பர் 30-ம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது தானே புயல். முந்திரி பூவெடுக்கும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். செம்மண் காட்டில் அகலமாகக் கிளை பரப்பி நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைத்துவிடலாம். அப்பாவும் தாத்தாவும் வைத்த முந்திரி போனால்?

மறுபடியும் கன்றுதான். கொட்டையை ஊன்றி வளர்த்தால் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒட்டுக்கன்று. நன்றாகக் காய்க்கும் மரத்தின் குச்சியை இளங்கன்றின் மென்தண்டில் செருகிக் கட்டுகிறார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் இந்தப் பகுதிக்குப் பழக்கமானவை. ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மரம் 7 மீட்டர் இடைவெளி. ஹெக்டேருக்குச் சுமார் 200 கன்றுகள். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும். முதல் இரண்டு வருடம் பூ வந்தாலும் உருவிப்போட வேண்டும். பார்க்க மனசு கேட்காதுதான். ஆனால் அப்போதுதான் மரம் திடமாகும். மூன்றாம் வருடம் காய்ப்பு தொடங்கினாலும் முழு மகசூலுக்கு எட்டு, பத்து வருடம் ஆகும். இடையில் தேயிலைக் கொசுவும் தண்டு துளைப்பானும் விட்டுவைக்க வேண்டும்!

மார்ச் முதல் மே வரை அறுவடை. கொட்டையைத் திருகி எடுத்ததும் பருப்பாகிவிடாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வது அதனால்தான். நாம் பாயசத்தில் தேடித் தேடி எடுக்கிற பருப்புக்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன.

அப்புறம், பழம்? வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ஆனால் பறித்த ஒரே நாளில் நொந்துபோகும். கோவாவில் இதிலிருந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள். இங்கே பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகுகிறது. மிச்சம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டால் தொண்டைக் கரகரப்பு குறையும். சாறு சட்டையில் பட்டால் மட்டும் போச்சு. எந்தச் சோப்புக்கும் போகாத கறை, வீட்டில் திட்டு நிச்சயம்!