காட்டு ரயில் பயணம்: குளுவாங்கிலிருந்து பகலில் போய், இரவில் திரும்புங்கள்

குளுவாங் மக்களுக்கு ரயில் என்றாலே இப்போது வேகம்தான் நினைவுக்கு வருகிறது. இடிஎஸ் மின்சார ரயில் 2025 ஆகஸ்டில் குளுவாங்கை எட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் சேவை ஜொகூர் பாரு சென்ட்ரல் வரை நீண்டது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும் இந்த ரயிலால், கோலாலம்பூருக்குக் காலையில் போய் வேலையை முடித்துக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

இதே குளுவாங் நிலையத்திலிருந்து இதற்கு நேர்மாறான ஒரு பயணத்தையும் தொடங்கலாம். வடமேற்கே கெமாஸ் வரை போய், அங்கிருந்து வடகிழக்கே திரும்பி, நெகிரி செம்பிலான், பகாங், கிளந்தான் காடுகளை ஊடுருவிச் செல்லும் கிழக்குக்கரைப் பாதை அது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதைக் காட்டு ரயில் என்றே அழைக்கிறார்கள். கெமாஸில் தொடங்கி 500 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடி, கிளந்தானின் கடலோர ஊரான தும்பாட்டில் முடிகிறது.

கிளந்தானுக்குப் போய்ச் சேருவது மட்டுமே நோக்கம் என்றால் இது சுற்றுவழி. காரிலோ பேருந்திலோ போனால் நேரம் மிச்சம். வழியைப் பார்ப்பதற்காகவே போகிறவர்களுக்கு உரியது இந்தப் பாதை. அதற்குக் கொஞ்சம் திட்டமிடல் தேவை. திட்டமில்லாமல் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் இருட்டில் தூங்கிக் கடந்துவிடுகிறார்கள்.

இரவு ரயிலில் எதைத் தவறவிடுகிறோம்?

ஜொகூர் மாநிலத்தவர்கள் கிளந்தானுக்கு ரயிலில் போக நினைத்தால் முதலில் தேடுவது எக்ஸ்பிரஸ் ரக்யாட் தீமோரான் என்னும் இரவு ரயிலைத்தான். ஜொகூர் பாருவையும் தும்பாட்டையும் இணைக்கும் இந்த ரயிலில் படுக்கை வசதி உண்டு. ரயில் மாறும் தொல்லை கிடையாது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியானது.

ஆனால் வடக்கே போகும்போது ஜொகூரின் வடபகுதி, நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மூன்றையும் அது இருட்டிலேயே கடக்கிறது. விடியும்போது கிளந்தான் எல்லைப் பகுதிக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு வருவது பாதையின் மிக அழகான பகுதிகளில் ஒன்று என்பது உண்மைதான். இருந்தாலும் பாதி வழி போயே போய்விடும். தெற்கே திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். தும்பாட்டில் ஏறிய சிறிது நேரத்தில் இருட்டிவிடும். கிளந்தான், பகாங் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது.

அதனால் இந்தப் பாதையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய விதி ஒன்றுதான்: போகும்போது பகல் ரயில்களில் இரண்டு நாளாகப் பிரித்துப் போங்கள், திரும்பும்போது இரவு ரயிலில் தூங்கிக்கொண்டு வாருங்கள்.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

பெரும்பாலோர் முதலில் குளுவாங்கில் புறப்படும் ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டு, அடுத்த ரயிலைப் பிறகு தேடுவார்கள். காட்டு ரயிலுக்கு அது சரிப்படாது. குளுவாங்–கெமாஸ் பகுதி மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தண்டவாளம். கெமாஸுக்கு அப்பால் கிழக்கே செல்வது ஒற்றைத் தண்டவாளம். டீசல் ரயில்கள் மட்டுமே ஓடுகின்றன. எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட நிலையங்களில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நாளில் ஓடும் ரயில்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே கெட்டுவிடும்.

எனவே முதலில் கெமாஸிலிருந்து கோல லிப்பிஸ் போகும் ஷட்டல் ரயிலின் நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஏற்ற இடிஎஸ் ரயிலைப் பிறகு தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டுவையுங்கள். இரண்டும் தனித்தனிச் சீட்டுகள். முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது ரயில் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோல லிப்பிஸில் ஓர் இரவு தங்கலாம். 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகராக இருந்த ஊர் இது. ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. மாலை நேரத்தில் ஒரு சுற்று நடந்துவரச் சரியான ஊர். மறுநாள் அங்கிருந்து குவா மூசாங், டாபோங் வழியாக வடக்கே போகும் ரயில்களைப் பிடிக்க வேண்டும். குவா மூசாங்கில் ரயில் மாற வேண்டியிருக்குமா என்பதையும் சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தா பாருவில் தங்க நினைப்பவர்கள் தும்பாட் வரை போக வேண்டியதில்லை. கோத்தா பாரு நகருக்குள் ரயில் நிலையம் கிடையாது. அதற்கு மிக அருகில் இருப்பது வாக்காஃப் பாரு நிலையம். அங்கிருந்து டாக்சியில் கிளந்தான் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் நகரம் வந்துவிடும்.

திரும்பும் இரவு ரயிலுக்கான படுக்கைச் சீட்டைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னதாக வாங்க வேண்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் கிளந்தான்காரர்கள் ஊருக்குப் போய்வர நம்பியிருக்கும் ரயில் அது. பள்ளி விடுமுறையிலும் ஹரிராயா சமயத்திலும் படுக்கைகள் விரைவாகத் தீர்ந்துவிடும். அட்டவணையும் நிற்கும் நிலையங்களும் அவ்வப்போது மாறுவதால், கேடிஎம்பியின் இணையத்தளத்தில் அல்லது கைப்பேசிச் செயலியில் பார்த்து உறுதிசெய்த பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். மூத்த குடிமக்கள், சிறுவர்கள், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்கான கட்டணச் சலுகையையும் கேட்டுப் பெறுங்கள்.

நாளைத் தேர்வு செய்வதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜொகூரில் வார விடுமுறை 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கிளந்தானில் இன்னமும் வெள்ளி, சனிதான். வெள்ளிக்கிழமை கோத்தா பாருவில் போய் இறங்கினால் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள்.

மழைக்காலம் வேண்டாம்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்குக்கரையில் பருவமழை. அந்த மாதங்களில் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் இந்தப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. கெமுபுவில் இருந்த ரயில் பாலத்தையே ஆறு அடித்துச் சென்றது. அதை மறுபடி கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆயின.

வெளியூர்ப் பயணிகளுக்கு அது ஒரு சுற்றுலா தடைப்பட்டதோடு சரி. டாபோங், கெமுபு போன்ற உட்பகுதி ஊர்களுக்கு அப்படி இல்லை. பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகும் பெண்களும், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களும் அந்த ரயிலை நம்பி வாழ்ந்தவர்கள். இன்றும் ஷட்டல் ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மலைக்கு என்ன பெயர் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சன்னலுக்கு வெளியே

கெமாஸைத் தாண்டியதும் பஹாவ் வரை ரப்பரும் செம்பனையும்தான். குளுவாங்கில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய காட்சி. திரியாங், மெந்தகாப் கடந்து ஜெராண்டுட் வரும்போது காடு நெருங்கத் தொடங்கும். தாமான் நெகாராவுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் ஜெராண்டுட்.

மறுநாள் பயணத்தில் மெராப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் குன்றுகள் தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். குவா மூசாங் நிலையத்துக்குப் பின்னால் அப்படிப்பட்ட ஒரு பாறை மலை சுவர்போல் நிற்கிறது. அதற்குப் பிறகு பள்ளத்தாக்குகளும் இரும்புப் பாலங்களும் மாறி மாறி வரும். டாபோங் பக்கம் கலாஸ் ஆறு தெரியும். ஸ்தோங் மலையிலிருந்து விழும் அருவியும் அங்கேதான். கோல கிராயில் கலாஸும் லெபிரும் சேர்ந்து கிளந்தான் ஆறாகின்றன.

தானா மேராவுக்கு அருகில் அந்த ஆற்றைக் கடக்கிறது கில்மார்ட் பாலம். 1920களில் கட்டப்பட்ட நீளமான இரும்புப் பாலம் இது. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கியபின், பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் இதைத் தகர்த்தார்கள். போருக்குப் பிறகு சீரமைக்கப்பட்டு இன்றும் ரயிலைத் தாங்கி நிற்கிறது. இதைக் கடக்கும்போது கைப்பேசியை வைத்துவிட்டுச் சன்னலோரம் உட்காருங்கள்.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளம்

தமிழர்கள் இந்தப் பாதையில் ஒருமுறையாவது போய்வர இன்னொரு காரணமும் இருக்கிறது.

கெமாஸ்–பஹாவ் பகுதி 1910இல் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடப்பட்ட பாதை 1931இல்தான் முழுமையாக இணைந்தது. மலாயாவின் ரயில் பாதைகளை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் தென்னிந்தியத் தொழிலாளர்களின் உழைப்பு பெரியது. கம்பிச்சடக்கு என்று நம் முன்னோர் சொன்ன தண்டவாளத்தின் ஓரத்திலேயே அவர்களின் லயங்கள் இருந்தன.

பாதை இணைந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்க முனைந்த ஜப்பானியர்களுக்குத் தண்டவாளங்கள் தேவைப்பட்டன. கிழக்குக்கரைப் பாதையின் கணிசமான பகுதியைப் பெயர்த்து அங்கே கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஆட்களும் தேவைப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துப்போனார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களில் பெருந்தொகையினரைக் கொன்றன. நாம் சயாம் மரண ரயில் என்று சொல்லும் அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது.

காட்டு ரயிலின் தண்டவாளமும் போனது. தோட்டத்து ஆட்களும் போனார்கள். போருக்குப் பிறகு படிப்படியாகத் தண்டவாளம் மறுபடி போடப்பட்டு, 1953இல் பாதை முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பங்களில், சயாமுக்குப் போன தாத்தாவைப் பற்றியோ திரும்பிவராத பெரியப்பாவைப் பற்றியோ யாராவது ஒருவர் கேள்விப்பட்டிருப்பார். அந்தக் கதையை நேரில் கேட்டவர்களுக்கே இப்போது எழுபது வயதுக்கு மேல். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பயணத்தில் அவரையும் அழைத்துச் செல்லலாம். இரண்டு நாள் பகல் முழுவதும் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வராத பேச்சு வரும். பேரப்பிள்ளைகள் பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொள்ளட்டும்.

கையில் என்ன வேண்டும்?

முதியவர்களோடு போகிறவர்கள் முதல் நாள் கோல லிப்பிஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே நாளில் முழுப் பாதையையும் முடிக்க நினைத்தால் களைப்புதான் மிஞ்சும். இரவு ரயிலில் அவர்களுக்குக் கீழ்ப்படுக்கையாகப் பார்த்து வாங்குங்கள். ஷட்டல் ரயிலில் உணவு கிடைக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். புளிச்சாதமோ நாசி லெமாக்கோ கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும். காட்டுப் பகுதியில் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. பயணச்சீட்டையும் தங்கும் விடுதியின் முகவரியையும் முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனத்தைத் தாங்க ஒரு போர்வையும் தேவைப்படும்.

புறப்படும் நாளில் நேரம் இருந்தால், 1938இல் குளுவாங் ரயில் நிலையத்தில் தொடங்கிய காப்பிக் கடையின் காப்பியும் காயா தடவிய பன்னும் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். கெமாஸில் இறங்கியதும் கிழக்கே போகும் ரயில் எந்த மேடையில் நிற்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் அந்த ரயிலின் வேகமே பார்த்துக்கொள்ளும்.