விதை எடுத்து வைப்பது உங்கள் உரிமை
வடக்கனந்தல், கல்வராயன் மலைப் பகுதி விவசாயிகளே! நிறுவனம் பதிவு செய்த ரகத்தில் விதை எடுத்து வைக்கலாமா என்று தயங்க வேண்டாம்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001, 39-வது பிரிவின்படி, அந்த விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்ட் பெயரிட்டு விதையாக விற்கத்தான் கூடாது.

2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது தொடுத்த வழக்கை, எதிர்ப்பு கிளம்பியதும் பெப்சிகோ திரும்பப் பெற்றது.

பதிவான ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கோரலாம். எனவே ரசீதையும் விதைப் பையையும் பத்திரமாக வையுங்கள்.

தலைமுறையாகக் காத்துவரும் சாமை, தினை ரகங்களை உங்கள் பெயரிலேயே கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பயிர்களுக்குப் பாதுகாப்பு 15 ஆண்டுகள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விவரம் கேளுங்கள்.