போலி தன்னைப் போலி என்று சொல்லுமா?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சிறிய ராஜ்யம் உண்டு. ஜனாதிபதி பதவிக்குக் கட்சி அபேட்சகரைப் பொறுக்கி எடுக்கும் பூர்வாங்கத் தேர்தல் அங்கே 2024 ஜனவரி 23-ந் தேதி நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக ஆயிரக்கணக்கான வீடுகளில் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தவர் காதில், அன்று ஜனாதிபதியாயிருந்த பைடனின் குரல் ஒலித்தது. செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்குப் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று அது யோசனை கூறிற்று. பத்திரப்படுத்த ஓட்டு என்ன, ஆவக்காய் ஊறுகாயா?

பேசியது பைடன் அல்ல. அவர் குரலைப் பழகிக்கொண்ட கம்ப்யூட்டர். இத்தகைய சிருஷ்டிக்கு 'டீப்ஃபேக்' என்று பெயர். செய்து கொடுத்தவர் ஒரு செப்பிடு வித்தைக்காரர். கூலி 150 டாலர். செய்வித்தவர் ஓர் அரசியல் ஆலோசகர். அவருக்குத் தகவல் தொடர்புக் கமிஷன் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எதற்காக? டெலிபோனில் வேறொருவர் நம்பரைக் காட்டியதற்காக! ஓட்டர்களைத் தடுக்க முயன்றார், அபேட்சகராக நடித்தார் என்று தொடரப்பட்ட கிரிமினல் வழக்கில் 2025 ஜூனில் ஜூரர்கள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

இதற்கிடையே, 2024-லேயே அந்த ராஜ்யம் ஒரு சட்டம் இயற்றிற்று. தேர்தலுக்கு முந்திய 90 நாட்களில் ஏமாற்றும் போலிப் படத்தையோ குரலையோ அரசியல் விளம்பரத்தில் வெளியிட்டால், இது செயற்கை என்று அதிலேயே அறிவிக்க வேண்டும். திருடன் விலாசம் எழுதி வைத்துவிட்டா திருடுவான் என்று நேயர்கள் கேட்கலாம். மாட்டான்தான். ஆனால் அவன் மனத்திலிருந்ததைத் துருவும் சிரமம் கோர்ட்டுக்குக் குறையும். அறிவிப்பு இருந்ததா என்பதே முதல் கேள்வியாகிவிடும். அந்த மட்டில் இது நல்ல சட்டம் என்றே நாம் கருதுகிறோம்.

கலிபோர்னியா இன்னும் ஒரு படி தாண்டிற்று. 2024 செப்டம்பரில் வந்த அதன் சட்டம் கேலிப் படங்களுக்கும் அறிவிப்புக் கேட்டது. அதுவும் படத்திலுள்ள மிகப் பெரிய எழுத்தின் அளவில்! கமலா ஹாரிஸைக் கேலி செய்து படம் வெளியிட்டிருந்த ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அவ்வளவு பெரிய அறிவிப்பு திரை முழுவதையுமே அடைத்துவிடும் என்று கண்ட நீதிபதி, அடுத்த மாதமே சட்டத்தின் பெரும் பகுதியை நிறுத்தி வைத்தார். 2025-ல் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தார்.

நம் தேசத்துத் தேர்தல் கமிஷன் 2025 அக்டோபரில் விதித்த அளவு நிதானமானது: திரையில் 10 சதவிகித இடம்; குரல் மட்டுமானால் ஆரம்பத்தில் 10 சதவிகித நேரம். ஆனால் இந்த உத்தரவு கட்சிகளையும் அபேட்சகர்களையும் அவர்களுடைய பிரசாரகர்களையும் நோக்கியது. நியூ ஹாம்ப்ஷயர் ஆலோசகரோ, எந்த அபேட்சகரும் தம்மை ஏவவில்லை என்றே சொன்னார்.