முத்துப்பிள்ளையோடு ஒரு குழந்தையும்: அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஒரே கருப்பையில் இரண்டு

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்தைப் போல நீர்க்கொப்புளங்களாகப் பெருகும். முழுமையான முத்துப்பிள்ளையில் குழந்தை உருவாகாது. மிக அபூர்வமாக, இரட்டைக் கருவில் ஒன்று இப்படித் திரிந்துபோக, மற்றொன்று தனி நஞ்சுக்கொடியோடு குழந்தையாக வளரும். 20,000 முதல் 100,000 கர்ப்பங்களில் ஒன்று இப்படி அமைகிறது. செய்தி கேட்ட அதிர்ச்சியில் ‘கலைத்துவிடலாம்’ என்று குடும்பத்தார் முடிவெடுப்பது இயல்புதான். ஆனால் தாயின் உடல்நிலை இடம் கொடுத்தால், அந்த முடிவை உடனே எடுக்க வேண்டியதில்லை.

முதலில் உறுதிசெய்ய வேண்டியது

பகுதி முத்துப்பிள்ளை என்று வேறொரு வகை உண்டு. அதில் கருவுக்கு 46 குரோமோசோம்களுக்குப் பதில் பெரும்பாலும் 69 இருக்கும். அந்தக் கரு பிழைப்பதில்லை. ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். நஞ்சுக்கொடிகள் தனித்தனியாக உள்ளனவா, குழந்தையின் உறுப்புகள் சரியாக உள்ளனவா என்று நிபுணர் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம்களையும் சோதிப்பார்கள். சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழும் பெண்களுக்கு இந்தப் பரிசோதனைப் பயணம் அரசு கிளினிக்கிலேயே தொடங்குகிறது. மிஸ்ஸி (தாதி) வயிற்றில் நாடா வைத்து அளந்து, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து இளஞ்சிவப்புக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் எழுதும் எண்கள் வெறும் சடங்கல்ல. வாரக்கணக்கை மீறிய வயிறு, ரத்தப்போக்கு, அடங்காத வாந்தி, 20 வாரங்களுக்கு முன்பே ஏறும் ரத்த அழுத்தம் ஆகியவை தெரிந்தால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும்.

‘புற்றுநோயாகிவிடாதா?’

நியாயமான அச்சம்தான். 2002இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இத்தகைய 77 கர்ப்பங்களை ஆராய்ந்தது. கர்ப்பத்தைத் தொடர்ந்த 53 பெண்களில் 20 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. பின்னர் கீமோதெரப்பி தேவைப்பட்டவர்கள், தொடக்கத்திலேயே கலைத்தவர்களில் 16 விழுக்காடு, மற்றவர்களில் 21 விழுக்காடு. புள்ளியியல்படி இது பெரிய வேறுபாடல்ல. கலைப்பதால் மட்டும் அந்த அபாயம் நீங்கிவிடுவதில்லை என்பதே இதன் பொருள். அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் குழந்தையை இழந்ததையும் மறைக்கக் கூடாது. கடும் ரத்தப்போக்கு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், தைராய்டு மிகையாகச் சுரத்தல் ஆகியவை தாயின் உயிருக்கே ஆபத்தாகும்போது கர்ப்பத்தை முடிப்பதே சரி.

பிரசவத்துக்குப் பிறகும் கவனம்

‘குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது, இனி ஏன் வேலைக்கு விடுப்பு எடுத்து, பேருந்து ஏறி ஈப்போவுக்கு அலைய வேண்டும்?’ என்று கேட்பார்கள். மிச்சமிருக்கும் முத்துப்பிள்ளைத் திசு சத்தமில்லாமல் வளரக்கூடும். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது ரத்தத்திலுள்ள எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவுதான். அது இயல்புக்குத் திரும்பும்வரை வாரந்தோறும், பிறகு மருத்துவர் சொல்லும் காலம்வரை மாதந்தோறும் சோதிக்க வேண்டும். புதிய கர்ப்பமும் அந்த அளவை உயர்த்தும் என்பதால் அதுவரை கருத்தடை அவசியம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் ஏறக்குறைய அனைவரும் குணமடைகிறார்கள். பிறகு கருத்தரிக்கவும் முடிகிறது. ஆகவே, கலைத்தாலும் பெற்றாலும், கடைசி ரத்தப் பரிசோதனைவரை விடாமல் செல்லுங்கள். கணவரும் மாமியாரும் உடன் செல்லுங்கள்.