வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்: நாமக்கல் கவிஞர் வீட்டுக்கு ஒரு நடை போய் வருவோமா?

வீட்டு வரி கட்டிய ரசீதை யாரும் இரண்டாவது முறை எடுத்துப் படிப்பதில்லை. மடித்து பீரோவில் வைத்தால் வைத்ததுதான். இந்த முறை ஒரு நிமிடம் ஒதுக்கி அதைப் பிரித்துப் பாருங்கள். கிராம ஊராட்சி ரசீது என்றால் வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று ஒரு தொகை தனியாக இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நீங்கள் 1,000 ரூபாய் வரி கட்டினால், அதற்கு மேல் 100 ரூபாய் உங்கள் மாவட்ட நூலகங்களுக்காக வசூலிக்கப்படுகிறது.

அதாவது, நூலகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர்களும் அதற்கான பணத்தை வருடா வருடம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டிய காசுக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி. சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் அதைத் தொடங்க ஓர் அருமையான இடம் இருக்கிறது. அது ஒரு கவிஞரின் வீடு.

கவிஞர் வாழ்ந்த வீடு, இன்று ஊருக்கே பொது

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆஞ்சநேயர் கோயிலும் மலைக்கோட்டையும் முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். அந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட ஒருவர் இருந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888 அக்டோபர் 19 அன்று காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் பிறந்தவர். ஓவியராகத் தொடங்கி, கவிஞராகப் பெயர் பெற்று, நாவலும் எழுதியவர்.

1930-ல் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் நடந்தபோது, வழிநெடுகப் பாடிச் சென்றது இவர் எழுதிய பாடலைத்தான். 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். 1971-ல் பத்மபூஷண் விருது. அடுத்த ஆண்டே, 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று இவர் பெயர்தான்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் 'மலைக்கள்ளன்' படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1954-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த அந்தப் படத்தின் கதை, இவர் எழுதிய நாவல். அடுத்த ஆண்டு இந்தியில் 'ஆசாத்' என்று எடுத்தார்கள். அதில் திலீப் குமார் நாயகன். நாமக்கல்காரர் எழுதிய கதை பம்பாய் வரை போய் வந்திருக்கிறது.

நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கியது. அங்கே இன்று பொது நூலகம் இயங்குகிறது. கவிஞர் வாழ்ந்த கூரையின் கீழ் இன்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். எழுதி வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

10 பைசாவின் கதை

ஒரு சிறிய ஊரில் அரசுச் செலவில் நூலகம் இருப்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் சீர்காழிக்காரர் ஒருவரின் பல வருட உழைப்பு இருக்கிறது.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தவர். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் போய் நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது. அங்கே தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் நூலகத்துக்கு வருகிறார்கள். நம் ஊரில் புத்தகம் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. திரும்பி வந்தவர், சட்டம் போட்டால்தான் இது மாறும் என்று இருபது வருடங்களுக்கு மேல் போராடினார்.

பலன் 1948-ல் கிடைத்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று ஒரு வரி என்ற ஏற்பாடு அப்போது வந்தது. இன்று உங்கள் ரசீதில் இருக்கும் 10 பைசா அந்தச் சட்டத்தின் தொடர்ச்சி.

இதில் ஒரு குறையும் உண்டு. வசூலாகும் நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய நேரத்தில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துவதில்லை என்ற புகார் தமிழகத்தில் பல வருடங்களாக இருக்கிறது. அந்தப் பணம் தாமதமானால் புதுப் புத்தகம் தாமதமாகும். ஒழுகும் கூரையும் அப்படியே கிடக்கும். உங்கள் ஊரில் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள எளிய வழி கிராம சபை. அக்டோபர் 2 கூட்டத்தில் "நம் ஊர் நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மதிப்பெண் கேட்காத இடம்

நாமக்கல் மாவட்டத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மாநில ரேங்க் பட்டியலில் இந்த மாவட்டப் பள்ளிகள் அடிக்கடி இடம்பிடித்த காலம் ஒன்று இருந்தது. 2017-ல் ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்க வெளி மாவட்டங்களில் இருந்து பிள்ளைகளை இங்கே அழைத்து வரும் பெற்றோர் இன்றும் உண்டு. அதிகாலை ஸ்டடி, இரவு ஸ்டடி, வாரத் தேர்வு என்று ஓடும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் தவிர இன்னொரு புத்தகத்தைத் தொட நேரம் எங்கே?

நூலகங்களுக்குள்ளும் தேர்வுதான் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறது. காலையில் எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். ஒரு மேசையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் நாளிதழின் பக்கங்களைப் பிரித்துப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அடுத்த மேசையில் டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், சொந்த நோட்டோடும் தண்ணீர் பாட்டிலோடும் உட்கார்ந்திருப்பார்கள். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம். நகராட்சிகளில் அரசு கட்டியிருக்கும் 'நூலகம் மற்றும் அறிவுசார் மையங்கள்' இவர்களை மனதில் வைத்தே வந்தவை.

ஆனால் கதைப் புத்தக அலமாரியின் பக்கம்? சிறுவர் பகுதியின் பக்கம்? அங்கேதான் ஆள் குறைவு. ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரைத் தேடிச் சேர்ப்பது நூலகத்தின் கடமை என்பது ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்றின் கருத்து. அந்தச் சந்திப்பு நடக்க நூலகரால் பாதி தூரம்தான் வர முடியும். மீதித் தூரம் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வரும் அப்பா, அம்மாவின் வேலை.

பள்ளியில் எதைப் படித்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கேள்வித்தாள் வரும். நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். யாரும் மார்க் போட மாட்டார்கள். படிப்பை நேசிக்கும் பழக்கம் அந்தச் சுதந்திரத்தில் இருந்துதான் வரும். தேர்வு முடிந்த பிறகும் கூட வருவது அந்தப் பழக்கம் மட்டும்தான்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

ஆகஸ்ட் தொடங்கி நூலகங்களில் வரிசையாக நிகழ்ச்சிகள் நடக்கும்.

● ஆகஸ்ட் 12 – தேசிய நூலகர் தினம். ரங்கநாதன் பிறந்த நாளையொட்டிக் கொண்டாடப்படுகிறது. உங்கள் ஊர் நூலகருக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல நல்ல நாள்.

● ஆகஸ்ட் 24 – நாமக்கல் கவிஞர் நினைவு நாள்.

● அக்டோபர் 19 – கவிஞர் பிறந்த நாள். நாமக்கல் நினைவு இல்லத்தில் மரியாதை செலுத்த ஊர்க்காரர்களும் மாணவர்களும் கூடும் நாள். பிள்ளைகளோடு போக ஏற்றது.

● நவம்பர் 14 முதல் 20 வரை – தேசிய நூலக வாரம். புத்தகக் கண்காட்சி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புதிய உறுப்பினர் சேர்க்கை என்று வருடத்திலேயே நூலகங்கள் கலகலப்பாக இருக்கும் வாரம்.

● ஏப்ரல் 23 – உலகப் புத்தக தினம்.

நேரமும் நிகழ்ச்சி விவரமும் அந்தந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். போகும்போது வாசகர் வட்டத்தின் கூட்டம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். நூலகரும் வாசகர்களும் சேர்ந்து நடத்தும் இந்த வட்டம்தான் பல ஊர்களில் நூல் அறிமுகக் கூட்டமும் சிறுவர் நிகழ்ச்சியும் நடத்துகிறது.

சேர்வது எப்படி?

உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டிய அவசியமே இல்லை. நேராக உள்ளே போகலாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக மட்டும் உறுப்பினர் அட்டை தேவை. முகவரிச் சான்றோடு போய், சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டினால் போதும்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளி விடுமுறையும் நூலக விடுமுறையும் வேறு வேறு நாளில் வருவது நமக்கு நல்லதுதானே!

முட்டி வலியால் நடக்க முடியாத பெரியவர்கள், மாற்றுத் திறனாளிகள் வீட்டில் இருந்தால் 'நூலக நண்பர்கள்' திட்டம் பற்றி விசாரியுங்கள். தன்னார்வலர்கள் நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்து வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் திட்டம் இது. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். அந்த வண்டி இன்று ஸ்கூட்டராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் கொடுத்து உங்கள் ஊர் நூலகத்தின் புரவலர் ஆகலாம். பிறந்த நாள், திருமண நாளில் ஒரு செலவைக் குறைத்து இதைச் செய்பவர்கள் உண்டு.

போனிலேயே படிப்பவர் என்றாலும் வழி இருக்கிறது. நாமக்கல் கவிஞரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம்.

சேலத்துக்கும் வருகிறது

சேலம்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் சேலம், கடலூர், திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களில் தலா ஒரு லட்சம் புத்தகங்களோடும் மாநாட்டு அரங்கோடும் பெரிய நூலகங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தது போல, கொங்குச் சீமையின் இந்தப் பகுதிக்கும் ஒரு பெரிய நூலகம் வருவது மகிழ்ச்சிதான்.

ஆனால் ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருக்கும் ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு, சேலத்தில் உள்ள ஒரு லட்சம் புத்தகத்தைவிடத் தெருமுனை நூலகத்தில் உள்ள நூறு புத்தகம்தான் கைக்கு எட்டும். பெரிய நூலகம் வரும் மகிழ்ச்சியில் சின்ன நூலகத்தின் மின்விசிறியையும் கழிவறையையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரசீதை எடுங்கள். அதில் உள்ள நூலக வரித் தொகையைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். "இது நம்ம காசு, வா, போய் நம்ம புத்தகத்தைப் பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போங்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு புத்தகம் இருந்தால், இந்த வருடம் கட்டிய வரி வீண் போகவில்லை.