கணினி விளையாட்டுக்கு இரட்டை இணைப்புத் தேவையா?

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகளின் மேசை மீது விளையாட்டுக்கெனவே அமைக்கப்பட்ட கணினி ஒன்று இடம்பெற்றிருக்கின்றது. அதன் பின்புறத்தில் வலையமைப்புக் கம்பியைப் பொருத்தும் துளைகள் இரண்டு இருப்பதும் உண்டு. அத்துடன் 'வைஃபை' வசதியும் இருக்கும். "இவற்றுள் இரண்டை ஒருங்கே பயன்படுத்தினால் விளையாட்டு இருமடங்கு விரைவாகாதா? வீட்டுக்கு இன்னுமோர் இணைய இணைப்பை எடுத்தால் என்ன?" எனப் பிள்ளைகள் கேட்கின்றனர். மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டிய பெற்றோரோ விடை தெரியாது திகைக்கின்றனர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், 'வேகம்' என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் இருவேறு பண்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, ஒரு செக்கனில் எவ்வளவு தரவு செல்லலாம் என்பது. இதுவே இணைப்பின் கொள்ளளவு. மற்றையது, ஒரு செய்தி சேவையகத்தை அடைந்து, அதன் மறுமொழி திரும்பி வருவதற்கு எடுக்கும் நேரம். இதனையே விளையாடுவோர் 'பிங்' என்பர். சாலையை அகலமாக்கினால் கூடுதலான வண்டிகள் செல்லலாம். ஆயின் ஊருக்குள்ள தூரம் குறைவதில்லை.

இணையவழி விளையாட்டுகளுட் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய கொள்ளளவு தேவையில்லை. வீரன் எங்கே நிற்கின்றான், எப்பக்கம் திரும்பினான் என்பன போன்ற சிறு செய்திகளே சென்று வருகின்றன. காட்சிகளை வரைவது வீட்டிலுள்ள கணினியே. ஆனால், அச்செய்திகள் காலந் தவறாது வந்து சேர வேண்டும். 'வலோரன்ட்' என்னும் விளையாட்டின் சேவையகம் ஆட்ட நிலையைச் செக்கனுக்கு 128 தடவை, அதாவது ஏறத்தாழ 8 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை, புதுப்பிக்கின்றது. அங்கு வேண்டப்படுவது தாமதமின்மையே.

தாமதத்துக்கு இயற்கை வகுத்த எல்லையொன்று உண்டு. ஒளியிழையினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையேயுள்ள நேர்த்தூரம் ஏறத்தாழ 5,570 கிலோமீற்றர். எனவே, ஒரு செய்தி சென்று திரும்புவதற்கு 56 மில்லி செக்கனாவது ஆகும். இணைப்புகள் பத்து இருப்பினும் இக்கணக்கு மாறாது. இலண்டனிலுள்ள ஒரு மாணவன், ஏறத்தாழ 640 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்பேர்ட் நகரச் சேவையகத்தைத் தெரிவு செய்தால், அவ்வெல்லை 7 மில்லி செக்கனுக்கும் கீழே இறங்கிவிடும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

அடுத்து, ஓர் ஆட்டம் பொதுவாக ஒரே பாதையிலேயே செல்லும் என்பதை அறிதல் வேண்டும். இணைய முகவரியையும் வாயில் எண்ணையும் கொண்டே செய்திகள் உரிய கணினியை அடைகின்றன. இரு இணைப்புகள் இருக்குமாயின், 'விண்டோஸ்' போன்ற இயங்குதளம் அவற்றுள் முதன்மையானதெனக் கணித்த ஒன்றையே வழமையாகப் பயன்படுத்தும். மற்றையது சும்மா இருக்கும். கம்பிகள் பலவற்றை ஒன்றாகக் கட்டுவதற்கு 2000ஆம் ஆண்டில் வெளியான நியமமும், செய்திகளின் வரிசை குலையாதிருக்கும் பொருட்டு, ஓர் உரையாடலை ஒரே கம்பியிலேயே அனுப்புகின்றது. மேலும், இரு கம்பிகளையும் ஒரே ரவுட்டரிற் பொருத்தினால், வீட்டை விட்டு வெளியேறும் வழி ஒன்றேயன்றோ? ஆற்றைக் கடப்பவன் இரு தோணியிற் கால் வைப்பதால் விரைந்து கரை சேர்வதில்லை.

அவ்வாறாயின், ஆட்டம் இடையிடையே தடைப்படுவது ஏன்? வைஃபை அலைகள் சுவர்களாலும் அயல்வீட்டு அலைகளாலும் பாதிக்கப்பட்டு, செய்திகளை மீண்டும் மீண்டும் அனுப்ப நேர்வது ஒரு காரணம். கம்பியிணைப்பு இதற்கு நல்ல மருந்து. மற்றொரு காரணம் வரிசை நெரிசல். அக்கா ஒரு காணொளியை இணையத்தில் ஏற்றும்போது, தம்பியின் சிறு செய்திகளும் அப்பெரிய வரிசையின் பின்னால் நிற்க நேரிடுகின்றது. இதைத் தீர்க்கும் வரிசை ஒழுங்கு முறையொன்றை 2012ஆம் ஆண்டில் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய அறிஞர்கள் வெளியிட்டனர். இத்தகைய முறைகள் இன்று சில ரவுட்டர்களிலேயே அமைந்துள்ளன.

இரண்டாவது இணைப்பு முற்றிலும் வீண் எனக் கூறுவதற்கில்லை. வீட்டிலிருந்து தொழில் புரிவோருக்கு, ஒன்று செயலிழந்தால் மற்றையது கைகொடுக்கும். அதற்கு இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினதாய், வெவ்வேறு வழியில் வருவனவாய் இருத்தல் நன்று. ஓர் இணைப்பை விளையாட்டுக் கணினிக்கென ஒதுக்கினால் நெரிசலும் தவிர்க்கப்படும். ஆயின், நடுவே இணைப்பு மாறும்போது முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் பெரும்பாலும் அறுந்துவிடும்.

ஆகவே மாணவர்களே, பெற்றோரிடம் புதிய இணைப்பைக் கேட்கும் முன்னர் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிங் அளவை வைஃபையிலும் கம்பியிலும், வீட்டார் இணையத்தைப் பயன்படுத்தும்போதும் பயன்படுத்தாதபோதும் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபையில் மட்டும் கூடினால் கம்பியை நாடுங்கள். பிறர் பயன்படுத்தும்போது மட்டும் கூடினால் ரவுட்டரைச் சீர்செய்யுங்கள். எந்நேரமும் கூடியிருந்தால் அண்மையிலுள்ள சேவையகத்தைத் தேடுங்கள். பெற்றோர்களும் அக்குறிப்பை உடனிருந்து பார்த்து முடிவு செய்தல் நன்று. பிள்ளையின் விருப்பத்தை மறுப்பதோ, கேட்டவுடன் பணத்தைச் செலவிடுவதோ அன்றி, காரணத்தை அறிந்து செயற்படும் பழக்கம் இல்லத்தில் வளரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.