நாய்க்குக் குழம்புச் சோறு வேண்டாம்

கீழக்குயில்குடி போன்ற மதுரையை ஒட்டிய ஊர்களில் நாய்க்கென்று தனியாக உலை வைப்பவர்கள் குறைவு. வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோறுதான் அதன் சாப்பாடு. கிடா விருந்து என்றால் எச்சில் இலையும் எலும்பும். மனிதருக்கு ஒத்துக்கொள்வது நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பிப் போடுகிறோம். அந்த நம்பிக்கை தவறு.

மஞ்சள், சீரகம், மல்லி, இஞ்சி ஆகியவை சிட்டிகை அளவில் போனால் பயமில்லை. முதல் ஆபத்து வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நாயின் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் நஞ்சாகலாம். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது ஒரு சிறிய பல்லாரி. சின்ன வெங்காயமும் அதே இனம்தான். பூண்டு இன்னும் கடுமையானது. வதக்கினாலும் பொடித்தாலும் நஞ்சு போகாது. துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதிலும் பயனில்லை, சாறு குழம்பில் இறங்கியிருக்கும். பூச்சி மருந்தென்று பூண்டைத் தட்டிப் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்தது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022-ல் பதிவு செய்திருக்கிறார்கள். புளி உருண்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், புளிக்குழம்பை ஊற்றாதீர்கள்.

மிளகாயும் மிளகும் வயிற்றை எரித்து வாந்தி, கழிச்சல் உண்டாக்கும். சாதிக்காய் அதிகமானால் நரம்பைத் தாக்கி நடுக்கம் தரும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வெங்காய நஞ்சு உடனே தெரியாது. சில நாள் கழித்தே வெளிப்படும். ஈறு வெளுப்பது, சோர்ந்து மூச்சிரைப்பது, சிறுநீர் செம்பழுப்பாகப் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. முற்றினால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புக்கரைசல் புகட்டாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இதைத் தவிர்க்கச் செலவு எதுவும் இல்லை. குழம்பு கூட்டுவதற்கு முன், உப்பும் மசாலாவும் சேராத வெந்த கறியையோ முட்டையையோ வெறும் சோற்றில் பிசைந்து நாய்க்கென்று எடுத்து வைத்துவிடுங்கள்.